வாட்ச் செயினில் பின் வெளியே வருகிறதா?

[காட்சி: உலோகச் செயினின் ஓரம். ஒரு பின் லேசாக நீட்டிக்கொண்டிருக்கிறது.]

செயினின் லிங்குகளை, அதாவது கண்ணிகளை, இணைக்கும் இந்தப் பின்னை விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிடிப்பு போனதால்தான் அது வெளியே வந்தது; அழுத்துவதால் பிடிப்பு திரும்பாது. வாட்ச் கழன்று விழுவதற்குள், ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடிப்போம்.

[காட்சி: செயினின் உட்புறம். அம்புக்குறிகள் பெரிதாகத் தெரிகின்றன.]

செயினைத் திருப்புங்கள். சில லிங்குகளில் சின்ன அம்புக்குறி இருக்கும். பின்னை வெளியே தள்ள வேண்டிய திசை அது. திரும்பப் போடும்போது எதிர்த்திசை. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுத் தள்ளுங்கள்.

[காட்சி: துணியின் மேல் பின்னும், பக்கத்தில் ஒரு சின்னக் குழாயும்.]

துணி எதற்கென்றால், இதற்காகத்தான். சில செயின்களில் பின் வெறும் வழவழப்பான கம்பி. அதைப் பிடித்து வைப்பது கடுகளவே உள்ள இந்தக் குழாய். பின்னைத் தட்டும்போது இது உருண்டு ஓடினால் கண்ணில் படாது. செயினை அளவு குறைத்த பிறகு பின் தளர ஆரம்பித்ததா? என் முதல் சந்தேகம் இந்தக் குழாய் மேல்தான். செயினுக்குச் செயின் இது இருக்கும் இடம் மாறும். நடு லிங்கிலோ ஓரத்திலோ இருக்கலாம். தளராத இன்னொரு இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

[காட்சி: பிளவு பின். முனை பெரிதாக.]

பின்னின் ஒரு முனை பிளந்திருந்தால், அந்தப் பிளவு விரிந்து துளையை அழுத்துவதுதான் பிடிப்பு. நாளடைவில் இரண்டு கால்களும் நெருங்கிவிடும். மெல்லிய பிளேடு முனையால் சற்றே அகட்டினால் பிடிக்கும். ஆனால் புதுப் பின் கிடைக்கும் வரைக்கும்தான் அது. புதிதாக வாங்கும் முன் பழையதை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். 0.8, 0.9, 1 மில்லிமீட்டர் என்று பல தடிமன்களில் வருகின்றன, 0.1 மில்லிமீட்டர் குறைந்தாலும் நிற்காது. பிளக்காத முனை முதலில் போகட்டும். கடைசிக் கொஞ்ச தூரத்துக்குச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டியிருக்கும். விரலாலேயே முழுக்கப் போய்விட்டால், அந்தப் பின் சரியில்லை.

[காட்சி: ஸ்க்ரூ பின். ஊதா நிறத் திரவம் ஒரு துளி.]

பக்கவாட்டில் ஸ்க்ரூ கோடு தெரிந்தால் வேலை சுலபம். மரையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, லாக்டைட் 222 போன்ற குறைந்த வலுவுள்ள மரைப் பசையைத் துளியிலும் துளியாக வைத்து முடுக்குங்கள். 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிவப்பு நிறப் பசை வேண்டாம். பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

சூப்பர் க்ளூ எந்தப் பின்னுக்கும் கூடவே கூடாது. அது இணைப்புக்குள் இறங்கி லிங்கை அசையவிடாமல் இறுக்கிவிடும்.

செயினை வாட்சோடு சேர்க்கும் இடத்தில் உள்ளது ஸ்பிரிங் பார், அதாவது உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் கம்பி. அது தளர்ந்தால் பழுது பார்க்காமல் புதிது போடுங்கள்.

[காட்சி: செயினை வளைத்து இழுத்துப் பார்க்கும் கைகள்.]

சரி, எல்லாம் போட்டாயிற்று. ஒவ்வொரு இணைப்பையும் வளைத்து, இழுத்து, இரண்டு ஓரங்களையும் விரலால் தடவுங்கள். சில நாள் கட்டிய பிறகு மறுபடி தடவிப் பாருங்கள். சரியான அளவுப் பின்னும் நகர்ந்திருந்தால், வியர்வையும் அழுக்கும் சேர்ந்து துளையையே அரைத்திருக்கும். அப்போது லிங்கை மாற்றிவிடுங்கள்.