ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, மூலனூர்ப் பக்கமிருந்து பட்டியை அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே! பொன்னாடைக்குப் பதில் ஒரு படி கொழுக்கட்டைப்புல் விதை தந்த விழாக் குழுவுக்குத் தனி வணக்கம். எனக்கு முன் ‘சுருக்கமாக’ முக்கால் மணி நேரம் பேசிய ஐயாவுக்கும் வணக்கம்.

கொரங்காடு என்கிற நம் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தின் புல், மாடு, மண், காற்று என நான்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்ற பழமொழிக்குள் நான்கும் அடக்கம்.

புல் எதைத் தின்று வளர்கிறது? மண்ணை என்பீர்கள். ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முன் பிரஸ்ஸல்ஸ்காரர் வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவர், அடுப்பில் உலர்த்திய மண்ணை 200 பவுண்டு நிறுத்துத் தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாமல் துளையிட்ட தகர மூடி. ஊற்றியது தண்ணீர் மட்டும். 5 வருஷம் கழித்துப் பிடுங்கினால் மரம் 169 பவுண்டு! மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார்; குறைந்தது 2 அவுன்ஸ். ஆகவே தண்ணீர்தான் மரமாயிற்று என்று முடிவு கட்டினார். வேடிக்கை கேளுங்கள்: 62 பவுண்டு அடுப்புக்கரியை எரித்து, 1 பவுண்டு சாம்பல்தான் மிச்சம், மீதி எங்கே என்று தேடி, ‘கேஸ்’ என்ற சொல்லையே உண்டாக்கியவரும் அவரேதான். மரம் தின்ற கரியமில வாயுவுக்குப் பெயர் வைத்தவருக்கு, மரம் தின்றது அதைத்தான் என்று தெரியாமல் போயிற்று!

மாட்டுக்கு வருவோம். பசு ஒரு நாளில் காய்ந்த எடைக்கு 6 கிலோ புல் மேய்ந்தால், 2.7 கிலோ கரி, அதாவது கார்பன், உள்ளே போகிறது. பெரும்பங்கு மூச்சாக வெளியேறும். அடுத்த பெரும்பங்கு சாணி. மூச்சில் போவது புல் அண்மையில் காற்றிலிருந்து பிடித்த கரியே, காற்றுக்குப் புதுக் கடன் இல்லை. ஆனால் நூற்றுக்கு 3, 4 பங்கு ஏப்பத்தில் மீத்தேனாகப் போகிறது. அது காற்றில் சுமார் 12 வருஷம் தங்கும். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27, 28 மடங்கு சூடாக்கும். மாட்டின் மேலுள்ள பாசத்தில் இதை மறைக்கக் கூடாது.

இனி மண். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மட்கும், கரியும் சீக்கிரம் காற்றேறும். மாட்டுச் சாணியில் நார் அதிகம், நின்று மட்கும். மாட்டெரு மறுவருஷம்! சாணிவண்டு அதை மண்ணுக்குள் இறக்கினால் இன்னும் நல்லது. ஐவர்மெக்டின் என்ற குடற்புழு நீக்க ஊசி போட்ட மாட்டின் சாணியில் வண்டுப் புழு செத்துவிடும், தேவையறிந்து போடுங்கள். வறட்டி தட்டி எரித்தால் அன்றே எல்லாம் புகை.

மண்ணுக்குச் சாணியைவிடப் பெரிய கரி வரவு வேர். தழையில் பாதிக்கு மேல் மேய்ந்தால் வேர் வளர்ச்சி நிற்கத் தொடங்கிவிடும். மாடு நாக்கால் சுருட்டி இழுப்பதால் அடிவரை எட்டாது. ஆடு ஒட்டக் கடிக்கும். எனவே முதலில் மாடு, பின்னால் ஆடு. நாலு விரல் அடிக்கட்டை நிற்கும்போதே அடுத்த காட்டுக்கு ஓட்டுங்கள்.

ஒரு ஏக்கரில் மேல்மட்ட 15 சென்டிமீட்டர் மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் கரி 0.1 சதம் கூடினால் 900 கிலோ. கரியமில வாயுக் கணக்கில் 3,300 கிலோ. சேர வருஷங்கள் ஆகும். கொரங்காட்டில் டிராக்டர் இறங்கினால் கரைவது வெகு சீக்கிரம்.

காற்றைப் பற்றி? துண்டுச் சீட்டு வந்துவிட்டது, விடுகிறேன். கொரங்காட்டை விடமாட்டேன். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் நிற்கிற நிலத்தை ‘சும்மா கிடக்கிறது’ என்று மனைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் கொரங்காட்டுப் பாதுகாப்புத் தீர்மானம் வைக்கிறோம். மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.