தாயத்து அணிந்தவர் அடித்த கோல்

நடுவர் ஐயாவுக்கும் எதிரணியினருக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கோவில்பட்டி ஹாக்கி ரசிகர்களுக்கும் வணக்கம். மணி அடித்துவிடுவார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கோல்கீப்பரை வீழ்த்தக் கைகொடுப்பது அவரைப் பற்றி முன்கூட்டியே திரட்டிய குறிப்பா, அடிப்பவரின் உள்ளுணர்வா என்பது தலைப்பு. உள்ளுணர்வே என்பது எங்கள் அணி. இதற்காக நிறைய எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணாச்சி போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் அடுத்த பேச்சுக்கு என்னால் போக முடியாது.

என்ன சொன்னார்? "எங்கள் கையில் வீடியோ இருக்கிறது, நோட்டு இருக்கிறது, கீப்பர் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார் என்கிற கணக்கு இருக்கிறது. உள்ளுணர்வு பேசுகிறவர்கள் கையில் என்ன இருக்கிறது? ஒரு தாயத்து இருக்கிறது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணாச்சி, ஹாக்கிக்காரர்கள் கூடிய சபையில் தாயத்தைக் கேலி பேசலாமா? ஆடவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தது ஒரே ஒரு முறை. அந்தக் கோப்பை நம் கையை விட்டுப் போக இருந்த நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தியவர் என்ன அணிந்திருந்தார் தெரியுமா? தாயத்து!

1975. கோலாலம்பூர். அரையிறுதி. எதிரே மலேசியா. ஊர் அவர்களுடையது, மைதானம் நிறைய அவர்கள் ஆட்கள். அன்றைக்கு ஆட்டம் 70 நிமிடம். அறுபது நிமிடம் தாண்டிவிட்டது, மலேசியா 2, இந்தியா 1. எதிரணி தவறு செய்தால் கோல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பான பெனால்டி கார்னர் நமக்குக் கிடைக்காமல் இல்லை. கிடைத்தது, அடித்தோம், உள்ளே போகவில்லை. மறுபடி கிடைத்தது, மறுபடியும் போகவில்லை. அணியின் மேலாளர் யார்? பல்பீர் சிங் சீனியர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் திரும்பிப் பெஞ்சைப் பார்க்கிறார். அங்கே ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறார். போபால்காரர், 21 வயது, பெயர் அஸ்லம் ஷேர் கான். நீ போ என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள், இந்த இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன். உடம்பு சூடாகாமல் பெஞ்சில் இருந்த பையன் உள்ளே வருகிறார். வந்ததும் பெனால்டி கார்னர். கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள வேண்டும், வட்டத்தின் முனையில் ஒருவர் அதைக் கையால் நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் கையால் நிறுத்த விதி இடம் கொடுத்தது. நின்ற பந்தை மூன்றாமவர் அடிக்க வேண்டும். அதற்குள் எதிரணித் தடுப்பாளர்கள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்துவிடுவார்கள். கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். அந்த மூன்றாமவர்தான் நம் அஸ்லம். தாயத்தை எடுத்தார், முத்தமிட்டார், மட்டையைப் பிடித்தார். பந்து வந்தது, நின்றது, அடித்தார். கோல்! 2-2.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. தாயத்தை எடுத்தார், முத்தமிட்டார், அடித்தார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2 என்று இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது.

எங்கே அண்ணாச்சி அதில் குறிப்பு? 1975-இல் எந்தப் பெஞ்சில் லேப்டாப் இருந்தது? எந்த வீடியோ ஆய்வாளர் அவர் காதில் ஓதினார்?

அண்ணாச்சி அங்கிருந்து ஏதோ சொல்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் கீப்பரைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அதுவும் குறிப்புதானே என்கிறார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அவரைவிடப் பக்கத்தில் நின்று, அதே கீப்பரை அவ்வளவு நேரமும் பார்த்து, அதே கீப்பர் மேல் திரும்பத் திரும்ப அடித்தவர்கள் மைதானத்துக்குள்ளேயே இருந்தார்களே! பார்த்ததுதான் கோலாகும் என்றால் அவர்கள் அடித்ததெல்லாம் ஏன் போகவில்லை? அதிகம் பார்த்தவர்கள் தவறவிட்டார்கள், அப்போதுதான் உள்ளே வந்தவர் போட்டார்.

தாயத்து கோல் போட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது அந்தப் பையனின் மனதை ஒரு நிலையில் நிறுத்தியது. மனம் நின்றதும், சின்ன வயதிலிருந்து அடித்து அடித்துக் கைக்குள் ஊறிப்போன அடி தானாக வெளியே வந்தது. நாங்கள் உள்ளுணர்வு என்று சொல்வது அதைத்தான். அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னால் மட்டை பிடித்த ஒவ்வொரு பிள்ளையின் உழைப்பையும் சிறுமைப்படுத்துகிறோம்.

அடுத்து அந்த நோட்டு. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கச்சி ரியோவைச் சொன்னார். 2016 ஒலிம்பிக், பெண்கள் இறுதிப் போட்டி, நெதர்லாந்தும் பிரிட்டனும் 3-3. சமமானால் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் பிரிட்டன் கோல்கீப்பர் மேடி ஹின்ச் நான்கு பேரையும் தடுத்துவிட்டார், 2-0, தங்கம். அவர் கையில் ஒரு குறிப்பு நோட்டு இருந்தது, யார் எப்படி வருவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று எழுதி வைத்திருந்தார். உண்மைதான் தங்கச்சி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோட்டு யாருடையது? கோல்கீப்பருடையது. இன்றைக்கு நாம் பேசுவது அடிக்கிறவரைப் பற்றி. அந்த நோட்டில் எழுதியிருந்தது என்ன? அடிக்கிறவர்களின் பழக்கம். எப்போதும் இடது பக்கம் போகிறவர், எப்போதும் மட்டையைத் திருப்பி ரிவர்ஸ் ஸ்டிக்கில் முடிக்கிறவர், இவர்களைத்தான் நோட்டில் எழுத முடியும். அந்த நொடியில் தோன்றியதைச் செய்கிறவரை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? உங்கள் சாட்சி எங்கள் கட்சிக்காகப் பேசிவிட்டுப் போயிருக்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் பாரிஸுக்கு வாருங்கள். 2024 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் காலிறுதி, மறுபடி அதே பிரிட்டன், ஆனால் ஆண்கள் அணி. பதினேழாவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு நம்மவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 1-1. ஷூட் அவுட். அது முடிந்த பிறகு ஹாக்கி இந்தியா ஒரு புகார் கொடுத்தது, ஞாபகம் இருக்கிறதா? ஷூட் அவுட் நடக்கும்போதே பிரிட்டன் கோல்கீப்பர் வீடியோ டேப்லெட்டைப் பார்த்தார் என்று அதில் ஒரு குற்றச்சாட்டு. கோலுக்குப் பின்னால் நின்று அவருக்கு யோசனை சொன்னார்கள் என்று இன்னொன்று.

அந்தப் புகாருக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது ஸ்கோர் மட்டும். ஹர்மன்பிரீத் வந்தார், கோல். சுக்ஜீத் வந்தார், கோல். லலித் வந்தார், கோல். ராஜ்குமார் பால் வந்தார், கோல்! நாலுக்கு நாலு, 4-2. டேப்லெட்டில் நம் நாலு பேரும் இருந்திருப்பார்கள். இருந்தும் ஒருவரையாவது நிறுத்த முடிந்ததா?

ஏன் முடியவில்லை? ஷூட் அவுட்டை நம் ஆடுகளத்திலேயே கிட்டத்தில் நின்று பாருங்கள். 23 மீட்டர் கோட்டில் பந்து. விசில் ஊதினால் எட்டு நொடி. எதிரே கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்பதில்லை, பேடும் ஹெல்மெட்டுமாக உங்களை நோக்கி ஓடி வருகிறார். நீங்கள் பந்தை வலப்பக்கம் இழுத்தால் அவரும் சரிகிறார். பந்தை முதுகுப் பக்கமாகச் சுற்றித் திருப்பினால் அவர் படுத்து மட்டையை நீட்டுகிறார். அந்த நீட்டிய மட்டைக்கும் அவர் பேடுக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும், திறந்த வேகத்தில் மூடும். அந்தச் சந்து எந்த வீடியோவிலும் கிடையாது, அது அன்றைக்கு, அப்போது பிறந்தது. தெருவில் மாடு முட்ட வரும்போது, போன வாரம் அது எந்தக் கொம்பால் முட்டியது என்றா யோசிப்போம்? கால் தானாக ஒதுங்குமா, ஒதுங்காதா?

அண்ணாச்சிக்கு நம் கோல்கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷ் மேல் மதிப்பு அதிகம். எனக்கும்தான். டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4, ஆறே நொடி மிச்சம், பெனால்டி கார்னரைத் தடுத்து 41 வருடத்துக்குப் பிறகு நமக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர். அவர் படிப்பார், பார்ப்பார், எழுதி வைப்பார் என்றீர்கள். படிக்கட்டும், கீப்பர் படிக்கத்தான் வேண்டும். அப்படிப் படித்து வரும் கீப்பரை ஜெயிக்க நீங்களும் அதே பாடத்தைப் படித்துப் போனால், நீங்கள் என்ன படித்திருப்பீர்கள் என்பதையும் அவர் படித்திருப்பார்.

நடுவர் ஐயா, முதல் மணி அடித்துவிட்டீர்கள். மறுபடி 1975-க்குப் போகிறேன், அதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

அந்த அரையிறுதி முடிந்து இறுதிப் போட்டி, மார்ச் 15. எதிரே பாகிஸ்தான். 1-1. அசோக் குமார் அடித்த பந்து கோலுக்குள் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. பாகிஸ்தான் வீரர்கள் கோல் இல்லை என்று வாதாடினார்கள், நடுவர் கோல் என்றார். 2-1, கோப்பை நமக்கு. யார் அந்த அசோக் குமார்? தியான் சந்தின் மகன். சரி, அரையிறுதியில் தாயத்தை முத்தமிட்ட அஸ்லம் யார்? அகமது ஷேர் கானின் மகன். இந்த இரண்டு அப்பாக்களும் யார்? 1936-இல் பெர்லினில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஒன்றாக இருந்தவர்கள்.

ஒரே அணியில் இருந்த இரண்டு அப்பாக்கள். 39 வருடம் கழித்து அவர்களுடைய பிள்ளைகள் ஒரே அணியில். ஒருவர் அரையிறுதியில் நம்மை மீட்டார், இன்னொருவர் இறுதியில் ஜெயிக்க வைத்தார். அப்பாக்கள் பிள்ளைகளுக்கு எந்த நோட்டைக் கொடுத்தார்கள்? எந்த வீடியோவைக் கொடுத்தார்கள்? அண்ணாச்சி, நீங்களும் ஒரு பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிற அப்பா. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்து அனுப்புவது கீப்பரைப் பற்றிய குறிப்பையா?

இந்த ஊரில் விடிவதற்கு முன்னாலேயே மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஷூ கிழிந்திருக்கும், தைத்துப் போட்டிருப்பார்கள். அப்படி இங்கே விடுதியில் தங்கி ஆடிப் பழகிய அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம், 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடினார். முதல் சர்வதேச ஆட்டம், எதிரே பாகிஸ்தான். ஒன்பதாவது நிமிடத்தில் கோல்! அன்றைக்கு இந்த ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், நானும் அழுதேன்.

அந்தப் பிள்ளைகளிடம் போய், உன் கை சொல்வதைக் கேட்காதே, யாரோ எழுதிக் கொடுத்த தாளைக் கேள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது ஐயா. நாளைக் காலை அவர்கள் மறுபடி அந்த ஆடுகளத்துக்கு வருவார்கள். இன்று ராத்திரி நீங்கள் சொல்லும் தீர்ப்பு அவர்கள் காதுக்குப் போகும். உள்ளுணர்வே என்று சொல்லி அனுப்புங்கள் ஐயா.

நன்றி, வணக்கம்.