அடுத்த குடம் என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 மார்ச்சில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. போர்வெல் போட்டால் காற்றுதான் வந்தது. காலையில் எழுந்ததும் சம்ப் மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பதே முதல் வேலை. முப்பது வருடம் கல்லூரியில் பொருளியல் நடத்தியவன் நான். ஆனாலும் ஒரு பாடம் எனக்கே உறைத்தது அந்த மாதத்தில்தான்.

பாடம் பழையது. தண்ணீர் இல்லாவிட்டால் உயிர் போய்விடும், ஆனால் அது மலிவு. வைரம் இல்லையென்று யாரும் செத்ததில்லை, அதற்கு யானை விலை. ஏன்? 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் எழுப்பிய கேள்வி இது. தெளிவான விடைக்கு இன்னும் நூறு வருடம் ஆனது. 1871இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், வியன்னாவில் மெங்கர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் தனித்தனியே அதைச் சொன்னார்கள். உலகத்துத் தண்ணீர் முழுவதற்குமா நாம் விலை பேசுகிறோம்? அடுத்த ஒரு குடத்துக்குத்தானே!

பெங்களூர் அல்சூரில் நான் வளர்ந்த வீட்டில் முதல் குடம் குடிக்க, அடுத்தது உலைக்கு. பிறகு குளியல், பாத்திரம், துணி. கடைசிக் குடம் வாசல் கழுவ. தண்ணீர் தாராளமாக வரும் நாளில் ஒரு குடம் குறைந்தால் என்ன போகும்? வாசல் கழுவுவது போகும், அவ்வளவுதான் அதன் மதிப்பு. வராத நாளில் அதே ஒரு குடம் உலைத் தண்ணீர். வைரத்துக்கோ எல்லா நாளும் வராத நாள்தான். பாடநூல் இதை 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துகிறது. என் அம்மா அந்தப் பெயர் தெரியாமலே நன்றாகக் கணக்குப் போட்டாள்.

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வருவோம். அப்போது தனி வீட்டுக் காவிரி இணைப்புக்கு முதல் 8000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். நூறு லிட்டர் செலவழித்துக் கார் கழுவினால் 70 பைசா. யார் யோசிப்பார்கள்? விலை தடுக்காததை அபராதம் தடுக்கட்டும் என்று, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் என்றது குடிநீர் வாரியம். குழாய் வராதவர்கள் கதை வேறு. அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்ச விலை வைத்தது: 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லோடு 1000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய்! காவிரிக் குழாய் எட்டாதவர்தான் பன்னிரண்டு மடங்கு கொடுத்தார். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உச்ச விலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலையைப் பிடித்து நிறுத்தினால் தட்டுப்பாடு வேறு வாசல் வழியாக வரும். எங்களுக்கு லோடு தருபவரிடம் அரசு ரேட்டைச் சொன்னேன். "தாராளமா சார், நாளை மறுநாள் பாக்கலாம்" என்றார். இரண்டு நாள் காத்திருப்பதும் விலைதான், ரசீதில்தான் வராது.

எங்கள் அடுக்குமாடியில் இன்னொரு வேடிக்கை. டேங்கர் செலவை மெயின்டனன்ஸில் நாற்பது வீடும் சமமாகப் பங்கு போட்டன. நான் ஒரு குடம் கூடுதலாகக் கொட்டினால் அதன் செலவில் எனக்கு நாற்பதில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கும் அப்படியே. ஆக எல்லோருமே கொட்டினோம், மாதக் கூட்டத்தில் எல்லோருமே கத்தினோம். கடைசியில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதென்று முடிவானது. இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒரு குடத்துக்கு ஆகும் செலவு, என்றால் என்ன என்று கூட்டத்தில் கால் மணி நேரம் விளக்கிக் கைதட்டல் வாங்கியவன் நான்தான்.

முதல் மாத பில் வந்தது. எங்கள் மாடியிலேயே அதிகம் எங்கள் வீடு. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஷவர் குழாயைக் கழற்றிவிட்டு, குளியலறையில் ஒரு பக்கெட்டும் சொம்பும் வைத்தாள்.