தூங்கும் பூனையிடம் ரத்தம் எடுத்த பூச்சி: ஐபீரிய லின்க்ஸ் மீண்ட கதை

(திரையில்: கார்க் பலகைமேல் சுருண்டு படுத்திருக்கும் லின்க்ஸ்)

வணக்கம் நண்பர்களே. இந்தப் பூனை நிம்மதியாகத் தூங்குகிறது. ஆனால் அது படுத்திருக்கும் பலகைக்குள் ஒரு பூச்சி ஒளிந்துகொண்டு அதன் ரத்தத்தைக் குடிக்கிறது. பூச்சியை அங்கே வைத்தவர்கள் யார் தெரியுமா? இந்தப் பூனையினம் அழிந்துவிடக் கூடாது என்று இரவும் பகலும் பாடுபடுகிறவர்கள்! ஏன் வைத்தார்கள் என்பதுதான் இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை.

ஐபீரிய லின்க்ஸ். காது நுனியில் கறுப்புக் குஞ்சம், கன்னத்தில் தாடி, குட்டையான வால். காட்டில் இது வாழ்வது ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டும்தான். 2002-இல் கணக்கெடுத்தபோது மிஞ்சியிருந்தவை நூறுகூட இல்லை, வெறும் 94. அவையும் டோன்யானா, சியரா மொரேனா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஒடுங்கிக் கிடந்தன.

வேட்டை, பொறிகள், சாலைகள், காடழிப்பு என்று காரணங்கள் பல. ஆனால் பெரிய காரணம் முயல். இந்தப் பூனை ஏறக்குறைய முயலை மட்டுமே தின்று வாழ்கிறது. நாளுக்கு ஒரு முயல். குட்டிகளை வளர்க்கும் தாய்க்கு நாளுக்கு மூன்று.

(திரையில்: பிரான்ஸ், 1952)

பிரான்சில் அர்மான் தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர். தம் பண்ணை நிலத்தில் முயல் தொல்லை தாங்காமல் இரண்டு முயல்களுக்கு மிக்சோமட்டோசிஸ் கிருமியை ஊசியில் ஏற்றி விட்டுவிட்டார். இரண்டே இரண்டு! நோய் வேலி தாண்டியது, எல்லை தாண்டியது, ஸ்பெயினுக்குள்ளும் புகுந்தது. முயல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே அவருக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது! ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் செத்த முயல். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 1980-களின் இறுதியில் இன்னொரு முயல் நோயும் வந்து சேர்ந்தது.

லின்க்ஸ்தான் முயலைத் தீர்த்துக்கட்டுகிறது என்று, தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என நின்ற வேட்டைக்காரர்களும் உண்டு. டோன்யானாவில் ஆராய்ந்து பார்த்தால் நேர்மாறு: லின்க்ஸ் வாழும் இடத்தில்தான் முயல் அதிகம். முயலைத் தின்னும் கீரியையும் நரியையும் லின்க்ஸ் தன் எல்லைக்குள் அண்டவிடுவதில்லை. ஒரு லின்க்ஸ் தின்பதைவிட, அது விரட்டிய கீரிகளும் நரிகளும் தின்றிருக்கக்கூடியவை அதிகம். காவல்காரனையே திருடன் என்று துரத்தியிருக்கிறோம்!

சரி, இப்போது பூச்சிக்கு வருவோம்.

காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. பெண் லின்க்ஸ் சினையாக இருக்கிறதா என்று தெரிந்தால்தான் முன்கூட்டியே தயாராக முடியும். வழக்கமாகப் பார்க்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இங்கே கைகொடுக்கவில்லை. சினை இல்லாதபோதும் லின்க்ஸ் உடலில் அது குறையாமல் நிற்கிறது. ரிலாக்சின் என்ற ஹார்மோன்தான் உண்மையைச் சொல்லும். அதற்கு ரத்தம் வேண்டும். பிடித்து மயக்க மருந்து கொடுத்தால், வயிற்றில் குட்டி இருந்தால் ஆபத்து. என்ன செய்வது?

பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தாரின் யோசனை இது. நம் வீட்டு மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான, மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு பெரிய பூச்சி. ஆய்வகத்திலேயே நோயில்லாமல் வளர்த்தவை. அதன் இளம்பூச்சிக்கு இறக்கை கிடையாது, பசி மட்டும் உண்டு. லின்க்ஸ் படுக்கும் கார்க் பலகையில் ஒரு குழி தோண்டி, பூச்சியை உள்ளே விட்டு, மேலே மெல்லிய வலையைப் போட்டுவிடுகிறார்கள். பாட்டில் மூடும் அதே கார்க்தான். அந்த ஊர் மரத்தின் பட்டை.

லின்க்ஸ் வருகிறது. சுற்றிச் சுற்றி மோப்பம் பிடிக்கிறது. படுக்கிறது. கேமராவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பூச்சி வலை வழியே மூக்கை நீட்டிக் குடிக்கிறது. லின்க்ஸ் அசையவே இல்லை! அது எழுந்து போனதும் பூச்சியை எடுக்கிறார்கள், திராட்சைபோல் உப்பியிருக்கிறது. அதன் வயிற்றில் ஊசியைச் செலுத்தி ரத்தத்தை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். லின்க்ஸுக்கு ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை, பயமும் இல்லை. நம் ஊரில் மூட்டைப்பூச்சி என்றாலே கட்டிலை வெயிலில் போடுவோம். அதன் சொந்தக்காரப் பூச்சி ஓர் இனத்தைக் காக்கக் கைகொடுத்திருக்கிறது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. உங்களுக்கு எப்படி இருந்தது? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

(திரையில்: டோன்யானாவில் உள்ள எல் அசெபூச்சே இனப்பெருக்கக் காப்பிடம், 2005)

காப்பிடத்தின் முதல் தாய் சலியேகா. 2005 மார்ச் 28-இல் மூன்று குட்டிகள். ஆறு வாரம் கழித்துக் குட்டிகளுக்குள் மூர்க்கமான சண்டை, ஒன்று இறந்துவிட்டது. அந்த வயதில் உடன்பிறந்தவை இப்படி மோதிக்கொள்வது இந்த இனத்தின் இயல்பு என்று அப்போதுதான் புரிந்தது. அதன்பின் தன்னார்வலர்கள் 24 மணி நேரமும் கேமராவில் கண்விழித்திருந்தார்கள்.

வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். போர்ச்சுகலின் குவாதியானா பள்ளத்தாக்குக்கும் லின்க்ஸ் திரும்பியது. 2023 கணக்கெடுப்பில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதன் அபாய நிலையை ஒரு படி குறைத்தது. அதே ஒன்றியத்தின் பட்டியலில் அந்தக் காட்டு முயல் இப்போது 'அழியும் அபாயத்தில்' இருக்கிறது. அதனால்தான் அங்கே முயலுக்கு வளை கட்டிக் கொடுக்கிறார்கள். முயல் இல்லாத காட்டில் லின்க்ஸை விட்டு என்ன பயன்?

சாலையில் அடிபட்டுச் சாவது இன்னும் நிற்கவில்லை. அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல். ஐரோப்பாவிலிருந்து பார்க்கும் நண்பர்களே, தெற்கு ஸ்பெயினில் கார் ஓட்டும்போது லின்க்ஸ் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை தென்பட்டால் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அது அதிகம் நடமாடும்.