மேலே மூலம், கீழே மொழிபெயர்ப்பு

நேயர்களுக்கு அன்பு வணக்கம். இந்த நிகழ்ச்சியில் பேச என்னை அழைத்தவர்களுக்கு நன்றி.

நான் திருகோணமலையில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, இவைதான் என் அன்றாடம். சிங்களத்தில் இருந்து தமிழுக்கு, தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு. கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் எழுதி வைத்தது. ஆனாலும் தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் தானே வாசிக்க முடியாமல் இன்றைக்கும் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அதனால் என் வேலையை நான் சிறிதாக நினைப்பதில்லை. அந்த வேலைக்கு ஒரு புதுப் போன் வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என்னிடம் இருந்தது ஐபோன் 8. கனடாவில் இருக்கும் தங்கச்சி வாங்கித் தந்தது. நன்றாகத்தான் உழைத்தது. கடைசியில் பற்றரி மத்தியானத்தோடு முடிந்துவிடும். 2023இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு ஐபோன் வாங்க என் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அன்ட்ரொய்ட் போன் ஒன்றை வாங்குவது என்று முடிவெடுத்தேன். கடையில் பழைய போனை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதாகச் சொன்னார்கள். "எல்லாம் தானாக வந்துவிடும்" என்றும் சொன்னார்கள். நான் நம்பினேன். பழைய போனை அங்கேயே அழித்து, அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொலைபேசி இலக்கங்கள் வந்திருந்தன. படங்களில் பாதி வந்திருந்தன. வட்ஸ்அப்பைத் திறந்தால் வெறும் பக்கம். 6 வருட உரையாடல்களில் ஒரு வரி இல்லை.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. ஐபோனில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடுக்குப் போகும். அன்ட்ரொய்டில் அது கூகுள் கணக்குக்குப் போகும். ஒன்றில் வைத்ததை மற்றதில் நேராக இறக்க முடியாது. ஐபோனில் இருந்து அன்ட்ரொய்டுக்கு உரையாடல்களைக் கொண்டுபோகும் வழியை வட்ஸ்அப் 2021இல் கொண்டுவந்தது. முதலில் சாம்சுங் போன்களுக்கு, அப்புறம் அன்ட்ரொய்ட் 12 உடன் வந்த மற்றப் போன்களுக்கு. அதற்கு இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், கேபிளால் இணைக்க வேண்டும், புதுப் போன் இன்னும் தொடக்க அமைப்பு முடியாத நிலையில் இருக்க வேண்டும். நானோ புதுப் போனை முழுதாக அமைத்து முடித்திருந்தேன், பழையது கையில் இல்லை. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அது நிரம்பிப் பல மாதம் ஆகியிருந்ததால் அங்கேயும் புதிய பிரதி எதுவும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மூதூரில் இருந்து ஓர் அம்மா அழைத்தார். கட்டாரில் இருக்கும் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது காணி உறுதியைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். "மகள், அந்தப் படம் உங்களிட்டத்தானே இருக்கு, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். படம் போய்விட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொன்னேன். அடுத்த நாள் அவர் பெட்டிக்குள் இருந்த மூல உறுதியை எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, பஸ் ஏறிக் கிண்ணியாப் பாலம் கடந்து என் வீட்டுக்கே வந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார். அந்த முகத்தை நினைத்துத்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

போன் மாற்றப் போகிற யாரானாலும் சரி, பழைய போனைக் குறைந்தது ஒரு மாதம் வீட்டில் வைத்திருங்கள். கழித்துத் தரும் விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. புதுப் பெட்டியை உடைத்த கையோடு எல்லாத் திரைகளிலும் "அடுத்தது, அடுத்தது" என்று அழுத்தாதீர்கள். முதலில் வட்ஸ்அப்பை மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிச் செயலிகள் போனோடு சேர்த்தே பதிவாகியிருக்கும், அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டிவரும். குறிப்புகளை ஐபோனின் குறிப்புச் செயலியில் எழுதியிருந்தால் ஐகிளவுட் இணையதளத்தில் நுழைந்து வாசிக்கலாம். நான் அப்படித்தான் என் கட்டண விபரங்களை மீட்டேன்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. ஐபோனில் இருந்து ஐபோனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி சாதாரண எஸ்எம்எஸ் ஆகப் போகாமல் ஐமெசேஜ் என்ற ஆப்பிளின் வழியில் போகும். நாம் ஐபோனை விட்ட பிறகும் நம் இலக்கம் அங்கே பதிவில் இருந்தால், மற்ற ஐபோன்காரர் அனுப்பும் செய்தி நமக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். தங்கச்சி இரண்டு கிழமை எனக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். பதில் இல்லை என்று பயந்துபோய் ஒரு நாள் விடியற்காலை அழைத்தாள். பழைய போன் கையில் இருக்கும்போதே அமைப்புகளுக்குள் போய் ஐமெசேஜை நிறுத்திவிட வேண்டும். போன் கையைவிட்டுப் போயிருந்தால், இலக்கத்தைப் பதிவில் இருந்து நீக்க ஆப்பிள் ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்தால் ஒரு குறியீடு வரும், அதைப் பதிந்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை.

சரி, இழந்ததைச் சொல்லிவிட்டேன். இனிக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தாள் வேண்டும். ஒன்றை வாசிக்க, மற்றதில் எழுத. ஐபோனில் நான் சிங்கள ஆவணத்தைத் திறந்து ஒரு வரியை மனதில் பிடித்து, அதை மூடி, எழுதும் செயலியைத் திறந்து, தமிழில் அடித்து, மறுபடி ஆவணத்துக்கு ஓடுவேன். அரைப் பக்கத்துக்குள் தலை வலிக்கும். அதனால் போனில் பெரிதாக எதுவும் செய்வதில்லை, கணினிக்கு முன்னால் உட்காரும் வரைக்கும் வேலை காத்திருக்கும். அன்ட்ரொய்டில் 2016இல் வந்த 7ஆம் பதிப்பில் இருந்தே திரையை இரண்டாகப் பிரிக்கலாம். அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் திரைக்குப் போய், செயலியின் சின்னத்தை அழுத்தி, பிரித்த திரை என்பதைத் தெரிவு செய்தால் போதும். இப்போது மேல் பாதியில் சிங்கள உறுதி, கீழ்ப் பாதியில் என் தமிழ். சிறிய ப்ளூடூத் விசைப்பலகை ஒன்றும் வாங்கிக்கொண்டேன். மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்பதில்லை.

அடுத்தது குரலால் எழுதுவது. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. கூகுள் நிறுவனம் 2017இல் தன் குரல் தட்டச்சில் புதிதாக 30 மொழிகளைச் சேர்த்தபோது தமிழும் சிங்களமும் அதில் வந்தன. கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் மொழியைச் சேர்க்கும்போது தமிழ் என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், தமிழ் இலங்கை என்று இருப்பதைத் தேடி எடுங்கள். முதல் நாள் நான் வீட்டில் பேசுவதுபோல வேகமாகப் பேசினேன், அரைவாசி பிழையாக வந்தது. பிறகு கடிதம் வாசித்துக் காட்டுவதுபோல, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, எழுத்துத் தமிழில் சொன்னேன். "மேற்படி காணியின் வடக்கு எல்லை" என்று என் வாய் சொல்லச் சொல்லத் திரையில் அது தமிழில் எழுந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டச்சுக் கூடத்தில் மாதக் கணக்கில் விரல் நோக நோகப் பழகியவள் நான்.

அதற்கு எல்லை உண்டு. இணைப்பு இல்லாத இடத்தில் என் போனில் தமிழ்க் குரல் வேலை செய்யவில்லை. நிறுத்தக்குறிகளை நானே போடுகிறேன். பெயர்களை ஒருபோதும் குரலுக்கு விடுவதில்லை. ஒரு ளகரம் லகரமாகிப் போனால் கடவுச்சீட்டுக் கந்தோரில் பிள்ளைக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். அடையாள அட்டை இலக்கம், திகதி, காணியின் பரப்பளவு, இவற்றையும் மூலத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக விரலால்தான் அடிக்கிறேன். படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் கூகுள் லென்ஸ் செயலி, அச்சிட்ட தமிழை நன்றாகவே வாசித்து எழுத்தாக்கித் தருகிறது. ஆனால் பழைய உறுதிகளில் நொத்தாரிசு கையால் எழுதிய எழுத்தை நானே வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிறேன்.

இதோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. நமது அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் தமிழ் எழுத்தே வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கருவிக்கு அது தமிழ் என்று தெரியாது. மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் உண்டு, நான் தினமும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு முதியவருக்கு வந்த கடிதத்தை அவரது பேரன் போனில் வாசித்துக் காட்ட முடியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலகத்தில் தட்டச்சுச் செய்யும் சகோதர சகோதரிகளே, எல்லாக் கருவிகளும் தமிழ் என்று அறியும் யுனிகோட் முறையில் தயவுசெய்து அடியுங்கள். விசைகளின் இடம் மாறாமல், பாமினி முறையிலேயே யுனிகோடில் அடிக்கவும் மென்பொருள் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுப் போனில் இரண்டு சிம் போடலாம், வேலைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று. இரவு 8 மணிக்குப் பிறகு வேலைச் சிம்மை நிறுத்திவிடுகிறேன். ஐபோன் எடுக்கும் படங்கள் ஒரு தனி வடிவத்தில் சேமிக்கப்படுவதால் போட்டோ கொப்பிக் கடைக் கணினிகளில் பல தடவை திறக்கவில்லை. அந்தத் தொல்லை இப்போது இல்லை. ஐபோனின் குறிப்புச் செயலி தாளை ஸ்கேன் செய்யும் நேர்த்தியை மட்டும் தேடினேன். கூகுள் டிரைவில் கமராச் சின்னத்தை அழுத்தினால் அது பிடிஎஃப் ஆகவே எடுத்துத் தருகிறது.

கடைசியாக, என் மனதுக்கு முக்கியமான ஒன்று. என் போனில் இருப்பவை மற்றவர்களின் பிறப்பும் கலியாணமும் காணியும். அன்ட்ரொய்டுக்கு வந்தவுடன் கூகுள் போட்டோஸ் எல்லாப் படங்களையும் மேலே ஏற்றட்டுமா என்று கேட்டது. வட்ஸ்அப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு அதை நான் அனுமதிக்கவில்லை. கூகுள் தரும் 15 ஜிபிக்குள் 2024 முதல் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் கணக்கில் வருவதால், அது நிரம்பி நின்றுவிடாமல் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். வேலைக்கு வரும் ஆவணங்களை வாடிக்கையாளர் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு, மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்து அவர் சரி பார்த்த பிறகு அழித்துவிடுகிறேன். அழிக்கும் முன் அவரிடம் கேட்கிறேன்.

மூதூர் அம்மாவின் உறுதியை அன்று அவர் காத்திருக்கும்போதே முடித்துக் கொடுத்தேன். மேல் பாதியில் ஸ்கேன் செய்த உறுதி, கீழ்ப் பாதியில் தமிழ். எல்லைகளை வாசித்துக் காட்டினேன். கிழக்கு எல்லையில் இருந்த பெயரைக் கேட்டதும், "அது என்ட தகப்பன்ட கூட்டாளி" என்றார். மகனுக்கு அனுப்பச் சொல்லித் தன் போனை என்னிடம் நீட்டினார். அனுப்பிக் கொடுத்தேன்.

நன்றி நேயர்களே, வணக்கம்.