ஃபெர்மாவை ஏமாற்றிய பத்து இலக்க எண்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: 4294967297. அதாவது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது!

3, 5, 17, 257, 65537. இந்த வரிசையில் ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். ஐந்துமே பகா எண்கள். 65537-க்கு அடுத்து வருவதுதான் நம் எண். அதுவும், அதற்குப் பின்னால் வருபவையும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் நம் எண். சரி, 641 எப்படிக் கிடைத்தது? நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும்; அதுவரை தேடினால் போதும். ஆனால் 65536 வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது யாரால் ஆகும்? ஆய்லர் பிற்பாடு எழுதிய வழி இது: இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டது!

எனக்கு ஃபெர்மாமேல் கொஞ்சம் வருத்தம்தான். ஓர் எண் பகா எண்ணா என்று சந்தேகிக்க உதவும் சோதனை அவருடைய தேற்றத்திலேயே இருக்கிறது. 2-ஐ எடுத்துக்கொண்டு, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை. நம் எண் பகா எண்ணாக இல்லாதபோதும் இந்தச் சோதனையில் மீதி 1 தந்து தப்பித்துவிடுகிறது. 2-க்குப் பதில் 3-ஐ வைத்திருந்தால் சாயம் வெளுத்திருக்கும். நம் எண்ணைவிட ஒன்று குறைவானது 2-இன் 32-ஆம் அடுக்கு என்பதால், முப்பத்திரண்டு முறை வர்க்கம் எடுத்து மீதி பார்க்கும் வேலை, கையாலேயே செய்துவிடலாம்.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இப்போது பென்சிலை எடுங்கள். அந்த ஐந்து எண்களையும் பெருக்குவோம். மூவைந்து 15. அதை 17-ஆல் பெருக்கினால் 255. அதை 257-ஆல் பெருக்கினால் 65535. அதை 65537-ஆல் பெருக்கினால் 4294967295. இரண்டைக் கூட்டுங்கள், நம் எண் வந்து நிற்கும். ஆகவே 3-ஆல் வகுத்தாலும் 257-ஆல் வகுத்தாலும், ஐந்தில் எதனால் வகுத்தாலும், மீதி 2தான். அப்படியானால் ஆய்லரின் பட்டியலில் 257-ஐ வகுத்தே பார்க்க வேண்டியதில்லை. 641 நான்காவது முயற்சியிலேயே கிடைத்துவிடும்.