காளானைக் கழுவலாமா? மண் தட்டுவது முதல் சட்டியில் போடுவது வரை

[காட்சி: மேசையில் மூன்று தட்டுகள். ஒன்றில் மொட்டுக் காளான், ஒன்றில் சிப்பிக் காளான், ஒன்றில் பால் காளான்.]

வணக்கம். காளானைத் தண்ணீரில் கழுவலாமா, கழுவினால் ருசி போய்விடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கழுவலாம். ஆனால் சமைக்கப் போகிற நேரத்தில்தான் கழுவ வேண்டும். கடையிலிருந்து வந்ததும் கழுவி, ஈரத்தோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பதுதான் தப்பு. மறுநாளே வழவழத்துவிடும்.

காளானில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான். குழாயடியில் அரை நிமிடம் அலசுவதால் உள்ளே புதிதாகப் போகிற தண்ணீர் மிகக் கொஞ்சம். வீட்டில் தராசு இருந்தால் கழுவும் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். நறுக்கிய பிறகு கழுவுவது வேறு கதை. வெட்டின பக்கமும் குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகளும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முழுசாகக் கழுவி, துணியில் ஒற்றி, அப்புறம் நறுக்குங்கள்.

[காட்சி: மொட்டுக் காளான் ஒன்று, மிக அருகில். குடையில் கறுப்புப் புள்ளிகள்.]

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிற 200 கிராம் பாக்கெட் மொட்டுக் காளானைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். இது குளிர் கேட்கிற காளான். நீலகிரி மாதிரி இடங்களில் நன்றாக வரும். இந்தக் கறுப்புத் துகளைப் பார்த்ததும் அழுகல் என்று நினைத்துவிட வேண்டாம். மக்கின உரத்தில் காளான் விதையைப் பரப்பி, அதன் மேல் ஒரு மண் படுகை போடுவார்கள். மொட்டு அதைத் துளைத்துக்கொண்டு வரும்போது ஒட்டின மண்தான் இது. ஈரத் துணியால் துடைத்தாலோ தண்ணீரில் அலசினாலோ போய்விடும்.

கடையில் எடுக்கும்போது ரொம்பப் பளீரென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். நிறத்துக்காகச் சில இடங்களில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற சல்பைட் வகை ரசாயனக் கரைசலில் அலசி அனுப்புவது உண்டு. சல்பைட் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. லேசாகப் பழுப்பேறி, கொஞ்சம் மண்ணோடு, தொட்டால் கெட்டியாக இருக்கிற பாக்கெட்டைத்தான் நான் எடுப்பேன். தொட்டால் பிசுபிசுத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ யோசிக்கவே வேண்டாம், குப்பைக்குத்தான்.

தோல் உரிக்கத் தேவையில்லை. காம்பையும் வீசாதீர்கள். அடியில் காய்ந்து கறுத்த நுனியை மட்டும் ஒரு வில்லை சீவிவிட்டால் போதும்.

[காட்சி: சிப்பிக் காளான் கொத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டவும். வைக்கோல் துணுக்குகள், வெள்ளைப் பஞ்சு.]

அடுத்தது சிப்பிக் காளான். இது வைக்கோல் படுகையில் வளர்வது, அதனால் அடியில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கும். கூடவே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று தெரிகிறதா? இதைப் பூஞ்சணம் என்று நினைத்து முழுக் கொத்தையும் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காளானுடைய சொந்த இழைதான், பயமில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால்தான் அது வேறு பூஞ்சணம். அப்படி இருந்தால் சாப்பிடக்கூடாது.

கொத்தின் அடிக்கட்டை எவ்வளவு வேக வைத்தாலும் ரப்பர் மாதிரிதான் இருக்கும், வெட்டி எடுத்துவிடுங்கள். மற்றதற்குக் கத்தி வேண்டாம். மடிப்பு ஓடுகிற வாக்கில் கையாலேயே கிழியுங்கள். ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற சின்னப் பூச்சிகள் உதிர்ந்துவிடும்.

பால் காளான் நம் வெயிலுக்கு ஏற்றது. 30, 35 டிகிரியிலும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை 1998-ல் வெளியிட்டது. காம்பு தடிமனாக, சதைப்பற்றோடு இருக்கும். அடியைச் சீவிவிட்டு வட்ட வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும்விட இது கூடுதல் நாள் தாங்கும்.

எதுவானாலும் நறுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். வெட்டின இடத்தில் காற்றுப் பட்டதும் காளானில் இருக்கிற ஒரு நொதி வேலை செய்து பழுப்பாக்கிவிடும். கெடுதல் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. வெங்காயம் வதங்கும்போது நறுக்கினால் போதும்.

[காட்சி: அகலமான இரும்புச் சட்டி, தேங்காய் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம்.]

சரி, சட்டிக்கு வருவோம். காளான் சொதசொதவென்று போனால் கழுவினதைக் குறை சொல்கிறோம். உண்மையில் தப்பு சட்டியில் நடக்கிறது. சின்னச் சட்டியில் அரைக் கிலோவைக் கொட்டி, உப்புப் போட்டு, மூடியும் போட்டால் அது தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், வதங்காது. அகலமான சட்டி, நல்ல தீ, மூடி வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டு வரும், விடட்டும். அது முழுக்கச் சுண்டி, எண்ணெயில் சலசல என்று சத்தம் கேட்டதும் உப்புப் போடுங்கள். அதுவரை பொறுமையாக இருக்கலாம். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் இருக்கிறது. சூட்டில் அது கரையாது. காய்கறி மாதிரி இது குழைந்து போகாது.

கடைசியில் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள் எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டுப் புரட்டினால் பாலக்காட்டுப் பக்கத்துத் தோரன். தேங்காய்க்குப் பதில் மிளகு தட்டிப் போட்டால் கொங்குப் பக்கத்து வறுவல். இரண்டுமே சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

[காட்சி: தென்னந்தோப்பு, மழை ஈரம். கறையான் புற்றுக்குப் பக்கத்தில் முளைத்த காளான்கள்.]

இப்போது முக்கியமான விஷயம். ஜூனில் மழை பிடித்து இடி இடித்தால் இந்தப் பக்கத் தோப்புகளில் புற்றுக் காளான் முளைக்கும். பெரியவர்கள் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். அந்த ருசிக்கு எந்தப் பாக்கெட்டும் ஈடாகாது. அதன் காம்பு மண்ணுக்குள் வேர் போல நீண்டு கறையான் கூடு வரை போகும். மண் பிடித்த அந்த வால் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சக் காம்பைக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டி, நீளவாக்கில் பிளந்து புழு இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் பூச்சி வெளியே வந்துவிடும். பாக்கெட் காளானுக்கு இந்த ஊறவைப்பு அவசியமில்லை.

ஆனால் அந்த மஞ்சள் தண்ணீர் விஷத்தைக் காட்டிக் கொடுக்காது. விஷம் இருந்தால் கூடப் போட்ட வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் நம்பக்கூடாத பேச்சு. புல்தரையில் வெள்ளைக் குடையாக முளைக்கிற குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்ற விஷக் காளான் பார்க்க நல்ல காளான் போலவே இருக்கும். முற்றினால்தான் மடிப்பு பச்சையாகும், பிஞ்சில் வெள்ளைதான். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தியில் கொண்டுபோய் விட்டுவிடும். அமாடாக்சின் என்ற விஷம் உள்ள காளான்கள் இன்னும் மோசம். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது கொஞ்சம் நின்று, தேறிவிட்டது போல இருக்கும்போதே ஈரல் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

பல வருஷமாகப் பறித்துப் பழகியவர் கையில் எடுத்துப் பார்த்து, சந்தேகமே இல்லை என்று சொல்லாத காட்டுக் காளானைச் சமைக்காதீர்கள். இந்த வீடியோவைப் பார்த்தும் அடையாளம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். சாப்பிட்டு யாருக்காவது வயிறு பிரட்டினால் மோர், கஷாயம் என்று வீட்டில் நேரத்தைப் போக்க வேண்டாம். வாந்தி நின்றிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சமைக்காமல் மிச்சமிருக்கிற காளான் ஒன்றிரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.